திரும்பி நின்று சிரித்த அம்மா

தூத்துக்குடியின் திரேஸ்புரம் கடற்கரையில் நாங்கள் ஏலம் விளையாடுவோம். நாலைந்து பெண் பிள்ளைகள். ஈர மணலில் சிப்பியும் சோழியுமாகப் பரப்பி வைத்தால் அதுதான் மீன். நீளச் சிப்பி சீலா, அகலமானது பாறை, குட்டிச் சோழியெல்லாம் சாளை. ஒருத்தி ஏலக்காரர், மற்றவர்கள் கூடைக்காரிகள். எனக்கு எப்போதும் கூடைக்காரி வேஷம்தான் வேண்டும். என் அம்மாவும் மீன் கூடை சுமந்தவள். இடுப்பில் ஒரு கையை ஊன்றி, மூக்கைச் சுளித்து, மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்து, "இது நேத்தைய மீனுல்லா! இதுக்கா இந்த வெல?" என்று அவள் கேட்பதை அதே இழுப்போடு கேட்பேன். சிப்பிக்கு ஏது செவுள்? இருந்தாலும் தூக்கிப் பார்ப்பேன்.

ஒரு சாயங்காலம் அப்படிப் பேரம் பேசிக்கொண்டிருந்தபோது தோழிகள் சட்டென்று வாயடைத்துப் போனார்கள். திரும்பினால் அம்மா. தலையில் வெறுங்கூடை, சும்மாடு ஒரு பக்கம் சரிந்திருந்தது. அடி நிச்சயம் என்று நினைத்தேன். அவள் ஒன்றும் சொல்லாமல் முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டாள். கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். தோள் மட்டும் லேசாகக் குலுங்கியது. பிறகு கடுகடுத்த முகத்தோடு திரும்பி, "பொழுது அடையப் போவுது, வீட்டுக்குள்ள வா ஏட்டி" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

இது 1980களின் நடுவில். அன்றைக்கு அவள் சிரித்தாள் என்பதே எனக்கு ஒரு மகள் பிறந்த பிறகுதான் உறைத்தது.

பெற்றவள் கண்ணே பொல்லாத கண் என்பார்கள். பிள்ளை அழகாக ஆடுகிறதே, வாய் நிறையப் பேசுகிறதே என்று தாய் வாய்விட்டு ரசித்துவிட்டால் அன்று ராத்திரியே காய்ச்சல் வரும் என்று எங்கள் தெருவே நம்பியது. அதனால் ரசிப்பு வசவாக வந்தது. "சனியனே, ஆட்டத்தப் பாரு" என்று அம்மா திட்டினால், ஆட்டம் நன்றாயிருக்கிறது என்று பொருள். அப்படியும் மனசு கேட்காத நாட்களில், படுக்கப் போகுமுன் என்னைக் கிழக்கே பார்க்க உட்காரவைத்து உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போடுவாள். உப்புக்கு எங்கள் ஊரில் பஞ்சமா? குஜராத்துக்கு அடுத்தபடியாக நாட்டுக்கே உப்பு போடும் ஊர். உப்பு படபடவென்று வெடித்தால், "எவ்வளவு கண்ணு பாரு!" என்பாள். அந்தக் கண்ணில் அவள் கண்ணும் ஒன்று என்று அவளுக்குத் தெரியும்.

பயத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. கடலுக்குப் போன ஆள் கரை திரும்பும்வரை வீட்டில் சத்தம்போட்டுச் சிரிக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். அப்பா தோணியில் கொழும்புக்குப் போனவர். அவருக்கு முந்திய தலைமுறை முத்துக்குளிக்கப் போனது. குளிப்பவன் காலில் கல்லோடு கடலடிப் பாருக்கு இறங்க, மேலே கயிற்றைப் பிடித்திருப்பவன் அவன் மச்சானாகத்தான் இருப்பான், தங்கை தாலிக்குப் பயந்து கயிற்றை விடமாட்டான் என்று இந்தக் கரையில் சொல்வார்கள். அந்தக் கயிற்றின் நுனியில் குடும்பமே தொங்கிக்கொண்டிருக்கும்போது வீட்டுக்குள் ஒரு சிறுமி தையத் தக்கா என்று குதித்தால் அவள் அம்மா எப்படி ஊர் பார்க்கச் சிரிப்பாள்? தூத்துக்குடியில் அரசு நடத்திய முத்துக்குளிப்பு 1961-ஓடு நின்றுபோனது. சிரிப்பை அடக்கும் பழக்கம் அதன் பிறகும் முப்பது வருஷம் வீடுகளில் தங்கியிருந்தது. மகளை "என் முத்தே" என்று கொஞ்சுவதும்தான். ஆனால் பிள்ளை தூங்கிய பிறகுதான் அந்தக் கொஞ்சல்.

மகளின் விளையாட்டைத் தாய் எவ்வளவு கவனமாகப் பார்க்கிறாள் என்பதற்கு நற்றிணையின் 172-ஆம் பாட்டைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது. நெய்தல் நிலத்துப் பாட்டு, எழுதியவர் பெயர் கிடைக்கவில்லை. தோழிகளோடு விளையாடிய ஒரு பெண் வெண்மணலில் புன்னைக் கொட்டையை அழுத்தி வைத்தாள், பிறகு மறந்தே போனாள். கொட்டை முளைத்தது. நெய் கலந்த பாலூற்றி அதை வளர்த்தார்கள். அவள் வளர்ந்து பெரியவளாகி, காதலனோடு அந்த நிழலில் நிற்க நேரும்போது தோழி அவனிடம் சொல்கிறாள்: இந்த மரம் உங்களைவிட உசத்தி, இது உங்கள் தங்கை என்று அம்மா எங்களிடம் சொல்லியிருக்கிறாள். தங்கைக்கு முன்னால் எப்படி உன்னோடு சிரித்துப் பேசுவது, வெட்கமாக இருக்கிறது.

எல்லாரும் இதைக் காதல் பாட்டாகவே படிக்கிறார்கள். எனக்கு அதில் அந்த அம்மாதான் தெரிகிறாள். பிள்ளைகளே மறந்துவிட்ட கொட்டையை அவள் மறக்கவில்லை. மகள் அம்மா விளையாட்டு விளையாடி ஒரு செடிக்குப் பாலூற்றுகிறாள் என்றால், உண்மையான அம்மா அந்த விளையாட்டுக்குள் புகுந்து, "அப்படியானால் அது உன் தங்கைதானே" என்று முடிச்சுப் போட்டுவிடுகிறாள். கூடவே, "உன்னைவிட அது நல்ல பிள்ளை" என்று ஒரு குட்டும் வைக்கிறாள். அந்தக் குட்டு இருக்கிறதே, அது அப்படியே எங்கள் தெருக் குரல். பாட்டில் வரும் துறையில் வலம்புரிச் சங்கு ஒலிக்கிறது. வலம்புரி இல்லாவிட்டாலும் சங்கு குளிப்பவர்கள் இன்றைக்கும் திரேஸ்புரத்தில் இருக்கிறார்கள். புன்னையைத்தான் தேட வேண்டியிருக்கிறது. தாமிரபரணி கடலோடு சேரும் இடத்தில் புன்னைக்காயல் என்று ஊர்ப் பெயரிலாவது அது நிற்கிறது.

அதே நற்றிணையில் 110-ஆவது பாட்டு போதனார் எழுதியது. தேன் கலந்த பாலைப் பொற்கிண்ணத்தில் வைத்துக்கொண்டு, நரைத்த தலைச் செவிலியர் ஒரு சிறுமியைத் துரத்துகிறார்கள். கையில் குச்சி வேறு, ஆனால் நுனி மெத்தென்று இருக்கும் குச்சி. அடிக்கிற எண்ணம் யாருக்கும் இல்லை. அவள் சிலம்பு குலுங்க ஓடிப் பந்தலைச் சுற்றி ஏய்க்கிறாள். அந்தச் சிலம்புக்குள் பரலாக இருந்தது முத்து. பாண்டிய நாட்டு முத்துக்குக் கொற்கைதான் துறை. கோவலன் களவாடியதாகப் பழி சுமந்த பாண்டிமாதேவியின் சிலம்பிலும் பரல் முத்துதான். அந்த முத்து அரசியல் பேசிற்று, ஊரை எரித்தது. இந்தச் சிறுமியின் முத்து, அவள் எந்தத் தூணுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறாள் என்று வளர்த்தவளுக்குக் காட்டிக்கொடுத்தது. ஆழத்தில் மூச்சடக்கி எடுத்த பொருளுக்கு இதைவிட நல்ல வேலை கிடைத்திருக்காது.

விளையாட்டைப் பிள்ளைக்கு உரியதென்று மதித்த நாடு இது. பக்கத்து ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்த குமரகுருபரர் மதுரை மீனாட்சியையே குழந்தையாக்கிப் பிள்ளைத்தமிழ் பாடினார். அதன் கடைசி மூன்று பருவங்கள் அம்மானை, நீராடல், ஊசல். திருச்செந்தூர் முருகன்மேல் பகழிக்கூத்தர் பாடிய பிள்ளைத்தமிழில், நாங்கள் கட்டிய மணல்வீட்டை மிதித்துவிடாதே என்று சிறுமிகள் அவனைக் கெஞ்சும் பருவம் உண்டு. எட்டயபுரத்துப் பாரதிக்கு ஐந்து வயதில் தாய் இறந்துபோனாள். தெருப் பிள்ளைகளோடு விளையாட விடாத தந்தைக்கு அஞ்சித் தனியே நின்ற கதையைத் தன் சுயசரிதையில் வருத்தத்தோடு எழுதியவர் அவர். தங்கம்மாள், சகுந்தலா என்று இரண்டு பெண்களுக்குத் தகப்பனாகி அவர் எழுதிய பாப்பா பாட்டில் மாலை நேரத்தை முழுக்க விளையாட்டுக்கே ஒதுக்கிவிட்டார். தனக்குக் கிடைக்காததைத் தாராளமாகக் கொடுத்திருக்கிறார் மனிதர்.

பிள்ளைத்தமிழில் பெண்பிள்ளையின் பருவம் ஊசலோடு முடிகிறது. எங்கள் தெருவில் சடங்கோடு முடிந்தது.

எனக்குப் பன்னிரண்டு வயது முடிந்து நாலு மாதம். வீட்டின் மூலையில் ஓலைத்தட்டி வைத்து மறைத்து என்னை உட்காரவைத்தார்கள். முந்தின நாள்வரை மணலில் சீலா விற்றவள், இனிமேல் கடற்கரைப் பக்கம் எட்டிப் பார்க்கக் கூடாது. தோழிகள் வெளியே சில்லு விளையாடும் சத்தம் கேட்கும்: சில்லு தரையில் விழும் சத்தம், நொண்டியடித்துக் குதிக்கும் சத்தம், "கோட்ட மிதிச்சிட்ட" என்ற சண்டை. கீழடியில் மண்ணுக்கடியிலிருந்து வட்டமாகத் தேய்த்த ஓட்டுச் சில்லுகள் கூடை கூடையாகக் கிடைத்ததைப் பின்னாளில் படித்தபோது, எனக்கு அந்தத் தட்டியும் அந்தச் சத்தமும்தான் நினைவுக்கு வந்தன. எத்தனை சிறுமிகள் அந்தச் சில்லைப் பாதி ஆட்டத்தில் கீழே வைத்துவிட்டுப் போனார்களோ!

அப்படி உட்கார்ந்திருந்த பதினாறு நாளில் ஒரு காரியம் நடந்தது. அம்மா ராத்திரி வேலையெல்லாம் முடித்து, கையில் மீன் வாசம் போகப் புளி தேய்த்துக் கழுவிவிட்டு, பரணிலிருந்து பல்லாங்குழியை இறக்கிக்கொண்டு வந்தாள். அவள் விளையாடி நான் பார்த்ததே கிடையாது. சிம்னி வெளிச்சத்தில் ஏழும் ஏழும் பதினாலு குழியில் சோழி போட்டு விளையாடினோம். சோழியை அள்ளி ஒவ்வொன்றாக விடும்போது அவள் விரல் அவ்வளவு வேகம். குழியில் நாலு சேர்ந்தால் அது பசு, யார் பக்கம் சேர்கிறதோ அவர்கள் எடுத்துக்கொள்ளலாம். தன் பக்கம் சேர்ந்த பசுவை அவள் கவனிக்காத மாதிரி விட்டுவிடுவாள். நான் கண்டுபிடித்துச் சொன்னால், "எனக்குக் கண்ணு மங்கிப் போச்சு ஏட்டி" என்பாள். கூடையில் நூறு நெத்திலிக்கு நடுவே ஒரு காரல் கிடந்தால் பொறுக்கி எறிகிற கண் அது!

சடங்கு முடிந்ததும் பல்லாங்குழி பரணுக்கே போய்விட்டது. நான் பள்ளிக்கூடம் போனேன், அது என் அதிர்ஷ்டம். கூட விளையாடியவர்களில் இரண்டு பேர் இறால் கம்பெனிக்குப் போனார்கள். விடிகாலையில் ஐஸ் தண்ணீரில் கைவிட்டு இறால் உரித்து, விரல் நுனியெல்லாம் வெளுத்து ஊறிப்போய் வருவார்கள். சிப்பி பொறுக்கிய அதே விரல்கள். ஒருத்திக்குப் பதினேழிலேயே கல்யாணம். பெண்ணுக்குத் திருமண வயது பதினெட்டு என்று 1978-லேயே சட்டம் திருத்தியாகிவிட்டது. எங்கள் தெருவுக்கு அது வந்து சேர இன்னும் பத்துப் பதினைந்து வருஷம் பிடித்தது. அதனால் அந்தக் காலம் பொற்காலம் என்று யாராவது சொன்னால் என்னால் தலையாட்ட முடியாது. மணலுக்குக் குறைவில்லை. அதில் விளையாடப் பெண்ணுக்குக் கொடுத்த வருஷங்கள்தான் கொஞ்சம்.

இன்று வருஷங்கள் கிடைத்திருக்கின்றன. என் அக்கா மகள் பெரியவளானதற்கு மறுவாரமே பள்ளியில் கைப்பந்து ஆடப் போனாள். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு 2022-லிருந்து மாதம் 1,000 ரூபாய் வருகிறது. வீட்டில் கல்யாணப் பேச்சு அந்த அளவுக்குத் தள்ளிப்போகிறது. பதிமூன்று வயதுப் பெண் இன்று குமரி இல்லை, எட்டாம் வகுப்புப் பிள்ளை. இந்த ஒன்றுக்காகவே இந்தக் காலத்தைக் கையெடுத்துக் கும்பிடுவேன்.

சுருங்கியது இடம். 1974-ல் தூத்துக்குடி பெரிய துறைமுகங்களில் ஒன்றாக ஆனது. நான்கு கிலோமீட்டர் அளவுக்குக் கடலுக்குள் நீளும் அலைத்தடுப்புகள், அதற்குள் பெரிய கப்பல்கள். ஊருக்குச் சோறு போடும் துறைமுகம், குறை சொல்ல மாட்டேன். என் வீட்டுக்காரர் சம்பளமும் அங்கிருந்துதான். ஆனால் கன்டெய்னர் லாரி போகும் சாலையைத் தாண்டி எட்டு வயது மகளைத் தனியாக அனுப்ப எந்தத் தாய்க்கு மனசு வரும்? நாங்கள் இருப்பது மாடி வீடு. என் மகளின் கடற்கரை, மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்கும் துணிக்கொடிக்கும் நடுவே உள்ள பத்தடி. ஞாயிற்றுக்கிழமை முத்துநகர் கடற்கரைக்கோ ரோச் பூங்காவுக்கோ கூட்டிப்போவோம். என் அம்மாவுக்கு ஊர் வாய்தான் பயம். எனக்கு லாரிச் சக்கரம், முன்பின் தெரியாத ஆள், கையடக்கத் திரை என்று பயம் பல பக்கமாகப் பிரிந்துகிடக்கிறது.

நான் ஒளிந்து ரசிப்பதில்லை. மகள் சேலையைச் சுற்றிக்கொண்டு டீச்சர் வேஷம் போட்டால் கைதட்டுவேன், கூடப்போய் மாணவியாக உட்காருவேன், முட்டிபோடச் சொன்னால் போடுவேன். போனை எடுத்துப் படமும் பிடிப்பேன். ஸ்டேட்டஸில் போட்டால் சித்தி, மாமி, கொழும்பிலிருக்கும் அப்பாவின் சிநேகிதர் குடும்பம்வரைக்கும் இதயம் விழும். கண்ணேறு என்ற பேச்சே இல்லை. கண்களைக் கூப்பிட்டுக் காட்டுகிறோம்.

அதில்தான் ஒருநாள் மனசு இடறியது. எங்கள் வீட்டில் அம்மா எனக்குப் பால் புகட்டிய சங்கு இருக்கிறது. உலோகம் இல்லை, உள்ளே குடைந்து வழவழப்பாகத் தேய்த்த அசல் கடல் சங்கு. விளிம்பு தேநீர் நிறத்துக்குப் பழுத்திருக்கும், மூக்கில் ஒரு சின்ன உடைசல். என் மகள் அதைக் காதில் வைத்துக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தாள். "ஹலோ, கடலா? தாத்தா தோணி எங்க வந்திட்டிருக்கு? சிக்னல் சரியில்ல, சத்தமா சொல்லு." என் அப்பாவை அவள் பார்த்ததில்லை. நான் கேட்டுக்கொண்டு நின்றேன். பிறகு வழக்கப்படி கை போனை எடுத்தது. அவள் பார்த்துவிட்டாள். உடனே தலைமுடியை ஒதுக்கி, உதட்டைக் குவித்து, வீடியோவில் வரும் பிள்ளைகள் மாதிரி, "ஹாய் ஃப்ரெண்ட்ஸ்" என்றாள். கடலோடு பேசிய பேச்சு அறுந்துபோனது. நான் எவ்வளவோ கெஞ்சியும் அன்று அது திரும்பி வரவில்லை.

ராத்திரி இதை அம்மாவிடம் சொன்னேன். அவளுக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது, கூடையை இறக்கிவைத்தும் நெடுநாளாகிறது. வெற்றிலையை மடித்துக்கொண்டே, "பாத்தும் பாக்காத மாதிரி இருக்கணும்ட்டி. அப்பதான் ஆட்டம் வளரும்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "நீ மட்டும் என்னவாம்? அந்த வெள்ளச் சிப்பிய முப்பது ரூவாய்க்குக் கேட்டு, அவ தரமாட்டேன்னதும், வூட்டுல புள்ள பசியா இருக்குதுன்னு ஒப்பாரி வச்சியே" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. செவுளும் நேற்றைய மீனும்தான் எனக்கு ஞாபகம். அந்த ஒப்பாரி எனக்கே மறந்துபோயிருந்தது. அவள் ஒரு நாள் மட்டும் வந்து நிற்கவில்லை. வெறுங்கூடையோடு வீடு திரும்பும் வழியில், வள்ளத்து மறைவில் நின்று எத்தனையோ நாள் கேட்டிருக்கிறாள். கேட்டுவிட்டு, ஒன்றும் தெரியாதவள் மாதிரி வீட்டுக்கு வந்து அடுப்பு மூட்டியிருக்கிறாள்.

"ஏன்ம்மா அப்பவே சொல்லல?"

"சொன்னா நீ நிறுத்திருவ."

போன ஞாயிற்றுக்கிழமை மூன்று பேருமாக முத்துநகர் கடற்கரைக்குப் போயிருந்தோம். பட்டாணிச் சுண்டல் வாங்கிக்கொண்டு திரும்பி வந்தால் அம்மாவின் ஒரு செருப்பைக் காணோம். மகள் இரண்டு கையிலும் மணலோடு பக்கத்தில் நிற்கிறாள். கேட்டால், நட்டு வைத்திருக்கிறாளாம். எந்த இடத்தில்? அவளுக்கே தெரியவில்லை. கிளம்பும் நேரம், வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது. துறைமுகத்துப் பக்கம் விளக்கு போட்டுவிட்டார்கள். எனக்குக் கோபம் நாக்கு நுனிவரை வந்தது.

அம்மா இருக்கிற ஒரு செருப்பையும் கழற்றிப் பையில் போட்டாள். குனிந்து, கடலைப் பற்றி விசாரிக்கிற குரலில், "மொளைச்சா ஒத்தையா வருமா, சோடியா வருமா?" என்று கேட்டாள்.

மகள் நெற்றியைச் சுருக்கி யோசித்தாள். "சோடியாத்தான் ஆச்சி. ஆனா தண்ணி ஊத்தணும்."

நான் முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டேன்.